புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிளும் அதன் சீட்டும்

தமிழ்நாட்டில் பெண்களும் சைக்கிளும் என்று யார் எழுத உட்கார்ந்தாலும் புதுக்கோட்டையில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கும் வேறு வழியில்லை. 1991இல் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துக்கு வந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போகும் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்வர சைக்கிள் தெரிந்திருந்தால் நல்லது என்று தொடங்கிய விஷயம், சீக்கிரமே கற்க வந்த பெண்களையும் தொற்றிக்கொண்டது. சைக்கிள் வாங்கப் பெண்களுக்குக் கடன் கொடுக்கச் சொல்லி வங்கிகளை ஆட்சியர் நெருக்கினார். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் ஹேண்டில் பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் வந்தார்கள். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு மாவட்டம் முழுக்கப் பரவியது. அங்கே போய்ப் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், பதினெட்டு மாதத்தில் ஒரு லட்சம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று கணக்குச் சொல்கிறார்.

இது பலரும் பல தடவை சொன்ன கதை. எனக்கு இதில் ஒரு சின்னக் கேள்வி பல நாளாக இருக்கிறது. அந்த ஒரு லட்சம் பேரும் எதன் மேல் உட்கார்ந்து ஓட்டினார்கள்? உட்கார்ந்த இடம் வலித்ததா? வலித்திருந்தால் யாரிடம் சொன்னார்கள்?

கேள்வி கொஞ்சம் கூச்சமானதுதான். ஆனால் சைக்கிள் ஓட்டும் எந்தப் பெண்ணையும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், உடனே பதில் வரும். தொடை இடுக்கில் உரசிப் புண்ணாவது, முன்பக்கம் மரத்துப்போவது, வீட்டுக்கு வந்து ஒண்ணுக்குப் போனால் எரிவது.

முதலில் உடம்பைப் பற்றி ஒரு பத்தி. நாம் நிமிர்ந்து உட்காரும்போது எடை முழுவதும் இடுப்புக் கூட்டின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. கல் திண்ணையில் உட்கார்ந்தால் அந்த இரண்டும் உறுத்துவதை நீங்களே உணரலாம். பெரும்பாலான பெண்களுக்கு இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள தூரம் ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம். சீட்டின் பின்பக்கம் அந்த அகலத்துக்குப் போதாவிட்டால் எலும்புகள் ஓரத்தில் நழுவிவிடும், எடை நடுவில் இருக்கும் மென்மையான சதையில் விழும். முன்னால் குனிந்து ஓட்டினால் இடுப்பு முன்பக்கம் உருண்டு, சீட்டின் மூக்கு நேராகப் பிறப்புறுப்பை அழுத்தும். வலியின் சூத்திரம் இவ்வளவுதான்.

இதை மேற்கில் 1890களிலேயே பேசிவிட்டார்கள். ஆனால் எதற்காகப் பேசினார்கள் என்பதுதான் வேடிக்கை. 1885இல் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள், 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர், இரண்டும் வந்தபிறகு ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஏறினார்கள். டாக்டர்களுக்குக் கவலை வந்துவிட்டது. பெண்ணுக்கு வலிக்குமே என்ற கவலை கொஞ்சம்தான். சீட்டின் மூக்கு உரசி அவளுக்கு வேண்டாத கிளர்ச்சி வந்துவிடுமோ என்பதே பெரிய கவலை. மருத்துவ ஏடுகளில் இதைப் பற்றிக் கட்டுரை மேல் கட்டுரை. நியூயார்க் மகப்பேறு மருத்துவர் ராபர்ட் லாடூ டிக்கின்சன் 1895இல் எழுதியதும் அதில் ஒன்று. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மூக்கைக் குட்டையாக்கினார்கள், நடுவில் பிளவு விட்டார்கள், மூக்கே இல்லாமல் இரண்டு மெத்தையை மட்டும் வைத்தார்கள். கிறிஸ்டி என்ற சீட்டின் விளம்பரத்தில் இடுப்பெலும்புக் கூட்டையே வரைந்து, எங்கள் சீட்டில் எலும்பு எப்படி உட்காருகிறது பாருங்கள் என்று காட்டினார்கள்.

காரணம் அபத்தம், ஆனால் தீர்வு ஏறக்குறைய சரி. இன்றைக்குப் பெண்களுக்கென்று ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் சீட்டுகளில் இருப்பதும் அதே குட்டை மூக்கு, அகலமான பின்பக்கம், நடுவில் பள்ளம். இடையில் பல பத்தாண்டுகள் அதை மறந்துவிட்டார்கள். 1985இல் ஜார்ஜீனா டெர்ரி என்ற அமெரிக்க மெக்கானிக்கல் என்ஜினீயர் பெண்களுக்கான சைக்கிள் கம்பெனி தொடங்கி, பிறகு நடுவில் துளையிட்ட சீட்டையும் விற்கத் தொடங்கியபோது அது புதுமையாகத் தெரிந்தது. 1990களின் கடைசியில் சைக்கிள் சீட்டால் ஆண்மைக்குறைவு வரலாம் என்று ஒரு டாக்டர் சொன்னதும் கம்பெனிகள் எப்படி விழுந்தடித்துக்கொண்டு ஓடின என்பது தனிக்கதை. பெண்கள் நூறு வருஷமாகச் சொன்னதற்கு வராத அவசரம் அப்போது வந்தது!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நம் ஊரில் சைக்கிள் என்றால் பல காலம் கறுப்பு நிற ஜென்ட்ஸ் சைக்கிள்தான். 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், அப்புறம் அட்லஸ், ஹீரோ. பார் வைத்தது, 22 அல்லது 24 இஞ்ச் பிரேம், கீழே பெரிய ஸ்பிரிங் வைத்த சீட்டு. இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஐந்தடி. அந்தப் பிரேமில் சீட்டை முழுக்க இறக்கினாலும் கால் பெடலுக்கு எட்டி எட்டித்தான் போகும். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப்பக்கம் ஒரு சாய்ப்பு, அந்தப்பக்கம் ஒரு சாய்ப்பு. ஒரு மைலுக்கு நூற்றுக்கணக்கான தடவை அப்படி அரைத்தால் தோல் என்ன ஆகும்? அதனால்தான் நம் பெண்பிள்ளைகளில் பலர் முதலில் பழகியது குரங்குப் பெடலில். பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டும்போது சீட்டு என்ற பேச்சே இல்லை. சிக்கல் சீட்டில் ஏறிய பிறகுதான்.

புதுக்கோட்டையில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதைத்தான் விரும்பினார்கள், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். எல்லோரும் ரசிக்கும் விவரம் இது. நான் அதைப் படிக்கும்போது அந்தப் பெண்ணின் இடுப்பை நினைக்கிறேன். முன்னால் குழந்தை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடமோ விளைபொருளோ, சேலையைத் தூக்கிச் செருகியதில் கொசுவம் முழுக்கச் சீட்டின் மூக்குக்கும் தொடைக்கும் நடுவே. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஒரே நாளில் நாலு ஊருக்குப் போய் விற்க முடிந்தது, அதில் காசும் கூடுதலாகக் கிடைத்தது என்பதும் உண்மை. அப்படியென்றால் சீட்டில் இருந்த நேரமும் கூடுதல்தானே?

எங்க புதுச்சேரிக்கு அறிவொளி புதுக்கோட்டைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. புதுவை அறிவியல் இயக்கத்தார் முன்நின்று நடத்தினார்கள். இங்கே சைக்கிள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால் திருவாண்டார்கோயில் பக்கத்தில் அந்தக் காலத்தில் சைக்கிள் மிதித்த அக்காக்கள் இருக்கிறார்கள். மதகடிப்பட்டுக்குப் படிக்கப் போனவர்கள், திருபுவனைக்கு வேலைக்குப் போனவர்கள். விழுப்புரம் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டியவர்கள். அவர்களில் சிலரிடம் இந்தச் சீட்டுக் கேள்வியைக் கேட்டேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் வீட்டில் ஆம்பளைங்க இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அக்கா சொன்னது: "வலிக்கும்தான். சொன்னா, அப்ப சைக்கிளே வேணாம், நடந்து போன்னுடுவாங்க. அதுக்கு வலியே தேவலாம்."

இந்த வாக்கியத்தை என் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். பெண் சைக்கிள் ஓட்டக் கூடாது என்பதற்கு ஊரில் ஏற்கெனவே ஏகப்பட்ட காரணங்கள் இருந்தன. கர்ப்பப்பை இறங்கிடும், கல்யாணத்துக்கு முன்னாடி 'கெட்டுப்போயிடும்'. வலிக்கிறது என்று ஒருத்தி வாயைத் திறந்தால் அந்தப் பேச்சுக்கெல்லாம் சாட்சி சொன்னதாகிவிடும். சைக்கிள் பறிபோகும். அதனால் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததால் சீட்டு மாறவில்லை.

அந்தப் பேச்சுக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் ஓட்டினால் கர்ப்பப்பை இறங்குவதில்லை. கன்னித்திரை என்பது நெகிழும் சவ்வு, அதை வைத்து யாருடைய கன்னித்தன்மையையும் சொல்ல முடியாது. அப்படிச் சோதிப்பதையே நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018இல் கேட்டுக்கொண்டன. அதே 2018இல் பல நாட்டுப் பெண்கள் 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. சைக்கிள் ஓட்டும் பெண்களுக்குத் தாம்பத்தியத்தில் குறை ஏதும் கூடுதலாக இல்லை. கூடுதலாக இருந்தவை சிறுநீர்த் தொற்று, மரத்துப்போதல், சீட்டுப் புண். அதாவது அக்காக்கள் சொன்ன அதே மூன்று.

உடை விஷயத்தில் ஒரு பிரெஞ்சுக் கதை உண்டு, புதுச்சேரிக்காரியாக அதை விட மனசில்லை. பாரிஸில் பெண்கள் கால்சட்டை போடப் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும் என்று 1800இல் ஓர் ஆணை. 1892இலும் 1909இலும் அதைத் தளர்த்தினார்கள்: குதிரையின் கடிவாளமோ சைக்கிளின் ஹேண்டில் பாரோ கையில் இருந்தால் போடலாம்! நம் பக்கம் இந்த வேலையை எந்த ஆணையும் இல்லாமல் சுடிதார் செய்து முடித்தது. சேலையும் பாவாடை தாவணியும் போய்ச் சுடிதார் வந்ததில் பாதி உரசல் குறைந்தது என்று அக்காக்களே சொல்கிறார்கள்.

அவர்களிடம் கைவைத்தியமும் இருந்தது. பழைய சேலைத் துண்டை நாலாக மடித்துச் சீட்டில் கட்டுவது. தொடையில் தேங்காய் எண்ணெய் தடவுவது. மேடு பள்ளம் வந்தால் பெடலில் எழுந்து நிற்பது. இதில் எண்ணெயும் எழுந்து நிற்பதும் இன்றைக்கும் சரி. துணி மட்டும் மடிப்பு நகர்ந்தால் இன்னும் மோசமாக உறுத்தும். கடையில் விற்கும் தடிமனான ஸ்பாஞ்ச் கவரும் அப்படித்தான். பள்ளிக்கூடத் தூரத்துக்குச் சுகமாக இருக்கும். மணிக்கணக்கில் ஓட்டினால் எலும்பு அதில் புதைந்து, நடுவில் இருக்கும் ஸ்பாஞ்ச் மேலே எழும்பி, எங்கே அழுத்தக் கூடாதோ அங்கேயே அழுத்தும்.

உயரம்தான் முதல் விஷயம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் முட்டி ஏறக்குறைய நேராக வர வேண்டும். அதைவிட உயரமானால் இடுப்பு ஆடும், தாழ்ந்தால் முட்டி வலிக்கும், எடையும் முழுக்கச் சீட்டிலேயே இறங்கும். சீட்டு மட்டமாக இருக்க வேண்டும். முன்பக்கம் உறுத்தினால் மூக்கை ஒரு துளி இறக்கலாம், ரொம்ப இறக்கினால் முன்னால் சறுக்கிக் கையில் பாரம் வரும். அகலத்துக்கு ஒரு எளிய வழி உண்டு: அட்டைப்பெட்டி அட்டை ஒன்றைப் படிக்கட்டில் போட்டு, முட்டியைக் கொஞ்சம் உயர்த்தி அழுத்தி உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழுந்திருக்கும். குழியின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்துகொள்ளுங்கள். சீட்டின் பின்பக்கம் அதைவிட இரண்டு சென்டிமீட்டராவது அகலமாக இருக்கட்டும். தையல் தடித்த உள்ளாடை வேண்டாம். வியர்த்த துணியை வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். ஆறாத புண்ணோ, இறங்கிய பிறகும் போகாத மரப்போ இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீர்க்கடுப்புக்கு மட்டும் சீட்டை முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், அடக்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் வெயிலில் மிதித்து வரும் பிள்ளைக்கு எந்தச் சீட்டு கொடுத்தாலும் எரியத்தான் செய்யும்.

2001-02இல் தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் வந்தது, சில வருஷத்தில் மற்றவர்களுக்கும் விரிந்தது. 2006இல் பீகார் இதைச் செய்தபோது உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் அதிகரித்ததாகக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து காட்டினார்கள். சைக்கிள் கொடுத்தால் பெண் படிக்கிறாள் என்பதில் இனிச் சந்தேகமே கிடையாது. இந்தத் திட்டங்களில் வரும் சாதாரண லேடீஸ் சைக்கிளைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், வீட்டில் வசதி இருந்தால் கியர் வைத்த, தடித்த டயர் போட்ட ஒன்றைக் கேட்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கேலி நியாயமாகப் படவில்லை. நிமிர்ந்து உட்கார வைக்கும் ஹேண்டில் பார், அகலமான ஸ்பிரிங் சீட்டு, பார் இல்லாத பிரேம். பெண் உடம்புக்கு அதுதான் பொருத்தம். கியர் சைக்கிளின் ஒல்லிச் சீட்டும் முன்னால் குனிய வைக்கும் பாரும்தான் 1890களின் பழைய வலியைத் திருப்பிக் கொண்டுவருகின்றன. பந்தய வீராங்கனைகள் குனிந்து ஓட்டியே ஆக வேண்டும். பள்ளிக்கூடம் போகிறவளுக்கு அது எதற்கு?

லேடீஸ் சைக்கிளில் எனக்கு இருக்கும் ஒரே புகார், ஒன்பதாம் வகுப்பில் வாங்கும் பிள்ளை பன்னிரண்டு முடிப்பதற்குள் வளர்ந்துவிடுகிறாள், சீட்டு வாங்கிய அன்றைக்கு இருந்த உயரத்திலேயே இருக்கிறது. எங்க தெருவில் நான் பார்த்த ஏழு சைக்கிளில் ஐந்தின் நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. போன வாரம் ஒன்றைச் சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போனோம். கடைக்கார அண்ணன் மண்ணெண்ணெய் விட்டு, கால் மணி நேரம் ஊறவைத்து, ஸ்பேனர் போட்டுத் திருகி, மூன்று விரல்கடை உயர்த்திக் கொடுத்தார். இருபது ரூபாய் வாங்கினார்.