காணாக்கடி

"என்ன சாப்பிட்டீங்க?"

பதினோரு வருடமாக என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பாலக்காட்டில் கேட்டார்கள், கோயம்புத்தூரில் கேட்டார்கள், ஆறு வருடமாக லண்டனிலும் கேட்கிறார்கள். உடம்பில் திட்டுத் திட்டாகத் தடித்துச் சிவந்து அரிக்கும். சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் மறையும். மறுநாள் வேறு இடத்தில் கிளம்பும். டாக்டர் அறைக்குள் நுழையும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. நாம்தான் ஏதோ கற்பனை செய்துகொண்டு வந்தவர் மாதிரி முழிக்க வேண்டும்.

நான் பி.காம். படித்த வங்கிக்காரன். மருத்துவத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு கணக்கு டாலி ஆகவில்லையென்றால் தூக்கம் வராத ரகம். அப்படித்தான் இந்த அரிப்பின் பூர்வீகத்தைத் தேடப் போனேன்.

எங்கள் சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். அப்பாவுக்கு மூணாறு எஸ்டேட் ஆபீஸில் வேலை. இரண்டுமே கேரளம்தான், ஆனால் லீவுக்கு ஊருக்குப் போவதென்றால் மறையூர், சின்னாறு தாண்டி உடுமலைப்பேட்டையில் இறங்கி, பொள்ளாச்சி போய், கோபாலபுரத்தில் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். எங்கள் தமிழும் அந்த பஸ் மாதிரிதான், இரண்டு பக்கமும் போய்வரும்.

அம்மாவுக்கு இதே தடிப்பு மூணாறில் இருந்தபோது வந்தது. பனி இறங்கும் நேரம் கையெல்லாம் வீங்கும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவில் மாத்திரை கொடுப்பார்கள், தூங்கித் தூங்கி விழுவாள். ஊருக்கு வந்தால் பாட்டி ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்: "காணாக்கடி." ஏதோ ஒரு பூச்சி, கண்ணுக்குத் தெரியாமல் கடித்துவிட்டது. வேப்பிலை அடித்து மந்திரித்துவிடுவார்கள். அதோடு பத்தியம். கத்தரிக்காய் போச்சு, கருவாடு போச்சு, நிலக்கடலை போச்சு, கடைசியாக அவளுக்கு உயிரான மத்தி மீனும் போச்சு. தடிப்பு இரண்டு மூன்று வருடத்தில் தானாக நின்றுவிட்டது. பத்தியம் மட்டும் நிற்கவில்லை.

காணாக்கடி என்ற சொல்லைச் சிறு வயதில் மூடநம்பிக்கை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் உலகமே அப்படித்தான் நினைத்திருக்கிறது. ஆயுர்வேதத்தில் மாதவ நிதானம் என்ற நோய்க்குறி நூல் இதைச் சீதபித்தம் என்று சொல்லி, குளிர்காற்று பட்டு வருவது, குளவி கொட்டினாற்போல வீங்கும் என்று விவரிக்கிறது. (பனியும் வீக்கமும்... மூணாறில் அம்மாவைப் பார்த்து எழுதினது போல இருக்கும்.) ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் இதற்கு அர்ட்டிகேரியா என்று பெயர் நிலைத்தது. 'அர்ட்டிகா' என்றால் லத்தீனில் நம்ம ஊர் காஞ்சொறி மாதிரி ஒரு செடி. ஆக, சமஸ்கிருதத்தில் குளவி, லத்தீனில் செடி, தமிழில் காணாத பூச்சி. மூன்று பேரும் கையைக் காட்டுவது வெளியே.

குற்றவாளி வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கலாம் என்று கண்டுபிடிக்க இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதையில் பாதி லண்டனில் நடந்தது என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

1869ல் எட்வர்ட் நெட்டில்ஷிப் என்ற டாக்டர், இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் பற்றி எழுதினார். சாதாரணத் தடிப்பு மறைந்துவிடும். இந்தக் குழந்தைக்கோ பழுப்பு நிறப் புள்ளிகள் தங்கிவிட்டன. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1878ல் ஜெர்மனியின் லைப்சிக்கில் பால் எர்லிக் என்ற 24 வயது மாணவர் தன் ஆய்வேட்டில், சாயம் ஏற்றினால் உள்ளே மணி மணியாகத் தெரியும் ஒருவகைச் செல்களுக்கு 'மாஸ்ட்' செல் என்று பெயர் வைத்தார். ஜெர்மன் மொழியில் தீனி போட்டுக் கொழுக்க வைப்பது என்று பொருள். நன்றாகத் தின்று வயிறு நிறைந்த செல் என்று நினைத்துவிட்டார்! பெயர் தப்பு, ஆனால் ஆள் சரியான ஆள். 1887ல் உன்னா என்பவர், நெட்டில்ஷிப் சொன்ன அந்தப் பழுப்புப் புள்ளிகளைச் சோதித்தார். உள்ளே மாஸ்ட் செல்கள் குவிந்து கிடந்தன.

சரி, அந்த மணிகளுக்குள் என்ன சரக்கு? அதற்கு லண்டன் ஹெர்ன் ஹில்லுக்கு வர வேண்டும். அங்கே வெல்கம் ஆய்வுக்கூடத்தில் 1910ல் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் ஹிஸ்டமின் என்ற பொருள் உடம்பில் என்னென்ன செய்கிறது என்று பார்த்தார்கள். இரத்த அழுத்தம் விழுகிறது, மூச்சுக்குழாய் இறுகுகிறது. 1927ல் அது உடம்பிலேயே இருக்கிறது என்று டேல் குழுவினர் காட்டினார்கள். அதே வருடம் தாமஸ் லூயிஸ், தோலைக் கீறினால் முதலில் சிவப்புக் கோடு, பிறகு சுற்றிலும் சிவப்பு, பிறகு தடிப்பு என்று மூன்று படிகளை விவரித்தார். அவர் வேலை பார்த்த யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரி வழியாகத்தான் என் பஸ் போகும். நானும் பஸ்ஸில் உட்கார்ந்து நகத்தால் முழங்கையில் கோடு போட்டுப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் லூயிஸ் சொன்ன மூன்றும் வரிசையாக வந்தன. பக்கத்தில் இருந்த அம்மணி இடம் மாறி உட்கார்ந்தார் :-)

எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டது 1953ல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஊர்க்காரர்கள் ரைலியும் வெஸ்ட்டும். ஹிஸ்டமின் இருக்கும் பெட்டகம் மாஸ்ட் செல்தான் என்று நிரூபித்தார்கள். எர்லிக் பெயர் வைத்து 75 வருடம் கழித்து!

இதில் ஒரு வேடிக்கை. 1947ல் எம்லின், ஃபெல்ட்பெர்க் என்ற இருவர் லத்தீன்காரர்கள் பெயர் வைத்த அந்தச் செடியின் முள்ளைச் சோதித்தபோது, அதற்குள்ளும் ஹிஸ்டமின் இருந்தது. செடி வெளியிலிருந்து ஊசி போடுவதை மாஸ்ட் செல் உள்ளிருந்து செய்கிறது. பாட்டியும் முழுத் தப்பில்லை. கடி உண்மை, காணாததும் உண்மை. பூச்சிதான் இல்லை.

மீன் பக்கமும் நியாயம் பேச வேண்டும். 1921ல் ஜெர்மனியில் க்யூஸ்ட்னர் என்ற டாக்டருக்கு மீன் ஆகாது. அவர் இரத்தத்தின் சீரத்தை எடுத்து ப்ராஸ்னிட்ஸ் தன் தோலில் குத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் அங்கே தடித்தது. அந்தச் சீரத்தில் இருந்த பொருள்தான் 1960களில் ஐஜிஇ என்று அடையாளம் காணப்பட்டது. ஆக உணவு ஒவ்வாமை நிஜம். ஆனால் அது தின்ற சில நிமிடத்தில், அதிகம் போனால் இரண்டொரு மணி நேரத்தில், ஒவ்வொரு தடவையும் வரும். ஆறு வாரத்துக்கு மேல் தன் இஷ்டத்துக்கு வந்துபோகும் தடிப்பில் உணவு குற்றவாளியாவது அபூர்வம். 1993ல் லண்டனில் மால்கம் கிரீவ்ஸ் குழுவினர், இப்படிப்பட்ட நோயாளிகள் சிலருக்கு உடம்பே தன் மாஸ்ட் செல்லைத் தூண்டும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது என்று கண்டார்கள். வெளியாள் யாரும் இல்லை, எல்லாம் உள்வீட்டு வேலை.

அதற்கு முன்பு இந்த நோய்க்கு 'இடியோபதிக்' என்று பெயர். காரணம் தெரியவில்லை என்பதை கிரேக்கத்தில் சொன்னால் இப்படி கம்பீரமாக இருக்கும். எங்கள் பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எங்கே எழுதுவது என்று தெரியாததையெல்லாம் அதில் போட்டுவைப்போம். வங்கியில் வருட முடிவுக்குள் அதைத் தீர்த்தாக வேண்டும். என் தோலுக்கு ஆடிட் கிடையாது.

என் கதைக்கு வருகிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு ராத்திரி உதடு வீங்கி, தலை சுற்றி, வயிற்றுப்போக்கும் சேர்ந்து ஆம்புலன்ஸில் போனேன். ஊசி போட்டார்கள், விடிந்ததும் அனுப்பினார்கள். இணையத்தில் தேடினால் மாஸ்டோசைட்டோசிஸ், மாஸ்ட் செல் தூண்டல் நோய் என்று வரிசையாகப் பயமுறுத்தியது. முதலாவதில் மாஸ்ட் செல்கள் எண்ணிக்கையிலேயே பெருகிவிடும், எலும்பு மஜ்ஜை வரைக்கும். அந்த வாரம் நான் உயில் எழுதலாமா என்றுகூட யோசித்தேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

இதற்கு டிரிப்டேஸ் என்று ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. ஹிஸ்டமின் நிமிடங்களில் கரைந்துவிடும், மாஸ்ட் செல் கூடவே விடும் டிரிப்டேஸ் சில மணி நேரம் இரத்தத்தில் நிற்கும். ஆகவே தாக்குதல் வந்த நாலு மணி நேரத்துக்குள் ஒன்று, எல்லாம் அடங்கிய பிறகு ஒன்று, இரண்டு தடவை எடுத்து ஒப்பிட வேண்டும். அமைதியான நாளின் அளவோடு அதில் 20 சதவீதமும், மேலே 2ம் கூட்டிக்கொள்ளுங்கள். அதை எட்டினால்தான் மாஸ்ட் செல் தூண்டப்பட்டது என்று கொள்வார்கள். அடிப்படை 5 என்றால் 8 வர வேண்டும். மருத்துவத்தில் எனக்குப் புரிந்த ஒரே சூத்திரம் இது. ஓபனிங் பேலன்ஸ் தெரியாமல் லாபம் எப்படிச் சொல்வது?

ஆனால் அந்த ராத்திரி யாரும் எடுக்கவில்லை. ஆறு வாரம் கழித்து எடுத்து, "நார்மல், கவலைப்படாதீர்கள்" என்றார்கள். திருட்டு நடந்து ஆறு வாரம் கழித்து கேமராவைப் போட்டுப் பார்த்தால் நார்மலாகத்தான் இருக்கும். அடுத்த வருடம் மறுபடி அதேபோல் வந்தபோது, சட்டைப்பையில் இருந்த சிறப்பு மருத்துவரின் கடிதத்தை நர்ஸிடம் நீட்டினேன். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். அடிப்படை 5, அன்று 6. மாஸ்டோசைட்டோசிஸில் பெரும்பாலும் காணப்படும் 'கிட்' மரபணு மாற்றமும் என் இரத்தத்தில் இல்லை. பழுப்புப் புள்ளிகளும் கிடையாது.

அந்த மருத்துவர்தான் முதன்முதலாக என்ன சாப்பிட்டீங்க என்று கேட்காதவர். "வீட்டில் யாருக்காவது தைராய்டு உண்டா?" என்றார். அம்மா இருபது வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறாள். தன்னைத்தானே தாக்கும் தைராய்டு நோய்க்கும் நாள்பட்ட தடிப்புக்கும் உறவு உண்டாம். என் தைராய்டு எதிர்ப்பொருளும் கூடுதலாக இருந்தது. மாத்திரையை நாலு மடங்கு வரை கூட்டிப் பார்த்து, அடங்காமல் இப்போது மாதம் ஒருமுறை ஒமாலிசுமாப் ஊசி. ஐஜிஇயைப் பிடித்துக் கட்டிவைக்கும் மருந்து, 2014ல் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு வாரக்கணக்கில் தடிப்பு இல்லை. ஊரில் இதன் விலையைக் கேட்டால் வேறு தடிப்பு வரும்.

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் விளக்கினேன். எர்லிக்கை விட்டுவிட்டேன், மற்றதெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மத்தி மேல குத்தமில்லைங்கறயா கண்ணு?" என்றாள்.

"உங்களுக்கு அப்ப தின்ன உடனே வந்துச்சாம்மா?"

"இல்லியே. தின்னாலும் வந்துச்சு, தின்னாட்டியும் வந்துச்சு. உங்க பாட்டி சொன்னாங்கன்னு உட்டுட்டேன்."

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளுடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முதலில் ஒரு துண்டு மட்டும் என்று சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ்ஸில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த மீன்காரரிடம் கால் கிலோ வாங்கினாளாம். முள் எடுத்துத்தரப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டாளாம்.