பாலர் வகுப்பின் நாள் ஒழுங்கு: திண்ணை முதல் பூச்சோங் வரை

பாலர் வகுப்புக்குப் பாடத்திட்டமும் நேர ஒழுங்கும் வகுப்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று கருதுவோர் நம்மிடையே உளர். பூச்சோங் வட்டாரப் பாலர் பள்ளியொன்றில் நேரப் பட்டியல் தொங்கக் காணும்போது அவ்வெண்ணம் வலுப்பெறுவதும் இயல்பே. ஆயின், வரலாறு வேறு கூறுகிறது.

நம் திண்ணைப் பள்ளியின் சுவரில் நேரப் பட்டியல் இல்லை. எனினும் நாள் ஒழுங்கு இருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் அதனை விளக்கியுள்ளார். விடியற்காலையிலேயே பிள்ளைகள் வந்து முன் படித்ததை ஒப்பிப்பர். முதலில் வருபவனுக்கு 'வேத்தான்' என்று பெயர். மணலில் எழுத்துப் பயிற்சி நடைபெறும். வீடு திரும்பும் வேளையில் பூ, பறவை, ஊர் ஆகியவற்றின் பெயர்களை ஆசிரியர் சொல்லி அனுப்புவார். மறுநாள் அவற்றை மறவாது கூறல் வேண்டும். அப்பள்ளியின் கடுந்தண்டனைகளை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆனால், நேற்றைய பாடத்தை இன்றோடு பிணைப்பதன்றோ பாடத்திட்டத்தின் உயிர்நிலை?

சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தாமும் மேற்கொண்டார். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் தம் முறையை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஆகவே, கற்பித்தல் கலையில் கொடுத்தலும் கொள்ளலும் இருபாலும் நிகழ்ந்தன.

செருமானிய அறிஞர் பிரோபல் 1837இல் பிளாங்கன்பர்க்கில் தொடங்கிய பள்ளிக்கு 1840இல் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரைச் சூட்டினார். விளையாட்டையே பாடமாக்கியவர் அவர். மலாயாவிலும் தமிழ்க் குழந்தை தோட்டத்திலேதான் வளர்ந்தது. அதுவோ ரப்பர்த் தோட்டம்!

பூச்சோங்கும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊரே. குளிர்ந்த வைகறையில்தான் ரப்பர்ப் பால் மிகுதியாக வடியும். ஆதலின், இருள் விலகுமுன் பெற்றோர் பெரட்டுக்குச் சென்றனர். கைக்குழந்தைகளும் சிறுவர்களும் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. ஆனால், அது கருதிய பள்ளி வயது 7 முதல் 14 வரை. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாலாட்டு இருந்தது, சோறு இருந்தது, பாடத்திட்டம் இல்லை. அக்குழந்தையின் நாளை வகுத்தது ஆசிரியரல்லர். மரத்தின் பாலும் பெரட்டு மணியுமே.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையில் சேர்த்தது. தேசியப் பாலர் பள்ளித் தரக் கலைத்திட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்து 2017இல் திருத்தப்பெற்றது. இதற்கிடையே பூச்சோங்கின் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பெரட்டு மணி ஓய்ந்தது. எனினும், விடியுமுன் வேலைக்குப் புறப்படும் பெற்றோர் இன்றும் உளர். அரைத்தூக்கத்தில் வரும் குழந்தையின் முதல் அரைமணியை எழுத்துப் பயிற்சிக்கா, பாட்டுக்கும் உரையாடலுக்குமா ஒதுக்குவது என்பதை நாள் பாடத்திட்டம் எழுதும் ஆசிரியரே முடிவு செய்ய வேண்டும்.

பெற்றோரின் வேலை நேரம் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் பொழுதை வகுக்கலாம். பள்ளிக்குள் நிகழும் பொழுதைக் குழந்தையின் இயல்பே வகுத்தல் வேண்டும். மாலையில் ஒரு பூவின் பெயரோடு வீட்டுக்கு அனுப்புங்கள். மறுநாள் அக்குழந்தை அதைச் சொல்லவே ஓடி வரும்.