மலையும் மக்கள் உரிமையும்: அரிட்டாபட்டி தரும் வரலாற்றுப் பாடம்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்து மாங்குளம் கல்வெட்டுகள் தமிழ் எழுத்து வரலாற்றின் தொடக்கப் பக்கங்களாக எண்ணப்படுபவை. 1882ஆம் ஆண்டு இராபர்ட் சுவெல் அவற்றைக் கண்டறிந்தார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய அக்கல்வெட்டுகளில் வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவாகிய நிகமத்தாரும் கொடையாளராக இடம்பெறுகின்றனர். மலைக்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களுக்கும் இருந்த உறவு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் பதிவாகிவிட்டது என்பது கருதத்தக்கது.

அதனை அடுத்துள்ள அரிட்டாபட்டியும் அத்தகைய பழமை உடையதே. அங்குள்ள கழிஞ்சமலையில் தமிழி எழுத்துகளும், தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் உள்ளன. மலைநீர் ஏரிகளை நிரப்ப, ஏரிநீர் வயல்களை விளைவிக்கின்றது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் ஏறத்தாழ 193 எக்டேர் நிலப்பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இதற்கிடையே, 2023ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத் திருத்தம், அரிய கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு அளித்தது. அதன்வழி, மேலூர்ப் பகுதியில் 2,015.51 எக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் விடப்பட்டு, 2024 நவம்பர் 7ஆம் நாள் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தெரிவு செய்யப்பட்டது. வழங்கப்படவிருந்தது கூட்டு உரிமம். முதலில் கனிமத்தைத் தேடவும், கிடைப்பின் தோண்டவும் ஒருசேர வழிவிடுவது. மரபுத் தலமும் அத்தொகுதிக்குள் அடங்கியிருந்தது.

ஊர் மக்கள் வாளாவிருக்கவில்லை. நவம்பர் 23இல் கிராம சபைகள் கூடி எதிர்ப்புத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9இல் சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7இல் மக்கள் திரண்டு மதுரை நோக்கிப் பேரணி சென்றனர். சனவரி 23இல் நடுவண் அரசு ஏலத்தை நீக்கியது.

வெற்றி மகிழ்ச்சிக்குரியதே. எனினும், இது உரிமையால் கிட்டியதா, அரசின் இசைவால் கிட்டியதா என்னும் வினா எஞ்சுகின்றது. இதற்கு விடை காண, பிற நிலத்தாரின் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும்.

ஆஸ்திரேலியாவை ஆங்கிலேயர் 'ஆளற்ற நிலம்' என்று கருதியே குடியேறினர். மேர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் பிறரும் தொடுத்த வழக்கில், 1992 சூன் 3ஆம் நாள் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அக்கொள்கையைத் தகர்த்தது. அத்தீர்ப்பைக் காண மாபோ உயிருடன் இல்லை. 1993இல் இயற்றப்பட்ட பூர்வகுடி நிலவுரிமைச் சட்டத்தின்படி, கனிமத் தேடலுக்கான உரிமத்தை விரைவு நடைமுறையில் வழங்க அரசு முற்படும்போது, பூர்வகுடியினர் நான்கு திங்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். சமூக வாழ்வுக்கோ புனித இடங்களுக்கோ ஊறு நேருமா என்பதைத் தீர்ப்பாயம் ஆராயும். சுரங்கத்தை அடியோடு மறுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆயினும், கேட்கப்படும் உரிமை சட்டத்தில் உண்டு.

இந்தியாவிலும் முன்மாதிரி உளது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டத்தை, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் கிராம சபைகள் முன் வைக்குமாறு 2013 ஏப்ரல் 18இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. பெரிதும் டோங்ரியா கோண்டு பழங்குடியினர் வாழும் பன்னிரண்டு ஊர்களின் சபைகளும் ஒருமனதாக மறுத்தன. மலை காக்கப்பட்டது.

மேலூர் உழவர்க்கு அத்தகைய சட்ட அரண் இல்லை. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழ்நாட்டின் எப்பகுதியும் சேர்க்கப்படாமையால், கொல்லிமலை, சேர்வராயன் மலைப் பழங்குடியினர்க்கும் அக்காப்புக் கிட்டவில்லை. அம்மலைகளில் அலுமினியத் தொழிலுக்காகப் பாக்சைட் வெட்டப்பட்டது அண்மை வரலாறு.

இவ்வினா பள்ளிக்கரணையார்க்கும் அயலன்று. இங்குள்ள சதுப்பு நிலம் பயனற்ற வெற்றிடமாகக் கருதப்பட்டுக் குப்பைமேடும் கட்டடங்களும் பெற்றது. 2022இல்தான் உலகளாவிய சிறப்புடைய ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ஆளற்றது, பயனற்றது என்னும் சொற்களே நிலத்தை இழப்பதற்கு முதற்படி ஆகின்றன. நிலத்தோடு வாழ்வோரை முன்னரே கேட்டறிதல் அரசின் கருணையாக அன்றி, மக்களின் உரிமையாகச் சட்டத்தில் இடம்பெறும் நாளில்தான் அரிட்டாபட்டியின் வெற்றி நிறைவு பெறும். அதுவரை அது நீக்கப்பட்ட ஓர் ஏலம் மட்டுமே. மீண்டும் ஓர் ஏலம் வாராது என்பதற்கு உறுதி அன்று.