அவசரப் பிரிவில் கேட்கப்படாத கேள்வி
அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளியிடம் அவரது வாழ்நிலையையும் கேட்டறிவதே சமூக இடர் கண்டறிதல். அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 2017இல் தொடங்கிய 'அக்கவுண்டபிள் ஹெல்த் கம்யூனிட்டீஸ்' திட்டம் வீடு, உணவு, போக்குவரத்து, மின்சாரம் முதலிய கட்டணங்கள், வன்முறையிலிருந்து பாதுகாப்பு ஆகிய 5 குறித்து வினவியது. இவற்றுள் ஏதேனும் ஒரு குறை இருந்து, ஓராண்டில் 2 முறையேனும் அவசரப் பிரிவுக்கு வந்தவருக்கு வழிகாட்டியின் துணை கிடைத்தது. வழிகாட்டி விண்ணப்பம் எழுத உதவலாம். குறைந்த வாடகையில் வீடே இல்லாத ஊரில் அவர் என்ன செய்வார்?

இடர் வேறு, தேவை வேறு. வாடகை பாக்கி வைத்திருப்போர் அனைவரும் மருத்துவமனையின் உதவியை நாடுவதில்லை. பதிலை யார் படிப்பார் என்னும் அச்சம் நியாயமானதே.

இனப் பாகுபாட்டுக்கு அந்த 5இல் இடமில்லை. இத்தகைய படிவம் நம் மருத்துவமனைகளுக்கு வருமாயின், சாதிப் பெயரை மட்டும் குறித்துக்கொள்வதை நாம் ஏற்க இயலாது. தீண்டாமை பற்றிய கேள்வியும், பதிலின் மறைவைக் காக்கும் விதியும் அதில் இடம்பெற வேண்டுமெனக் கோருகிறோம்.