கறண்ட் இல்லாத வீட்டில் வால்வு

சப்ரகமுவத் தோட்டப்புறத்தில் பாட்டுப்பெட்டி வாங்கப் போனவர் முதலில் பதில் சொல்ல வேண்டியிருந்த கேள்வி, "வீட்டில் கறண்ட் இருக்கிறதா?" என்பதுதான். ஓசையும் அழகும் அதற்குப் பிறகு வருபவை. தேயிலை, இறப்பர்த் தொழிற்சாலைகள் ஓடைநீரைக் கொண்டோ எண்ணெய் எஞ்சினைக் கொண்டோ தமக்கு வேண்டிய விசையைத் தாமே உண்டாக்கிக்கொண்டன. அங்கிருந்து துரை பங்களாவுக்குக் கம்பி இழுக்கப்பட்டது. லயத்துக்கு இழுக்கப்படவில்லை. 1950 டிசம்பரில் லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் சுழலியைச் சுற்றிவிட்டு வரும் நீர், களனி கங்கையாகிக் கித்துல்கலை, யட்டியாந்தோட்டை வழியாகவே கீழிறங்குகிறது. அந்த ஆறு கடந்துபோன லயங்கள் பலவற்றில் குப்பி விளக்கு அணைந்து மின்குமிழ் எரிவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன.

ஆனால் குரல் மட்டும் அதற்கு முன்னரே வந்துவிட்டது. கொழும்பில் 1925 டிசம்பர் 16 இல் முறையாகத் தொடங்கிய ஒலிபரப்பு, 1949 இல் இலங்கை வானொலி எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டே வர்த்தக சேவை பிறந்தது. யுத்த காலத்தில் நேசப்படைகளுக்காக ஏக்கலையில் நிறுவப்பட்ட பெரும் அஞ்சல் நிலையம் அதற்குக் கைகொடுத்தது. 1952 இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கவே, தமிழகத்து வீடுகளும் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பின. எஸ்.பி. மயில்வாகனனின் குரலைத் திருச்சியில் கேட்டவரும் தெரணியகலையில் கேட்டவரும் ஒரே வேளையில் கேட்டனர்.

மின்சாரமில்லாத இடத்தில் அதைக் கேட்க உதவியது பற்றறி வால்வுப் பெட்டி. வால்வு என்பது வெற்றிடமாக்கிய ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே ஓர் இழை சூடேறும். அதிலிருந்து கிளம்பும் மின்னணுக்களை நடுவிலுள்ள ஒரு சல்லடைக் கம்பி மட்டுப்படுத்தும். பிளெமிங் 1904 இல் இரு முனையோடு செய்ததற்கு, 1906 இல் டி பாரஸ்ட் இந்த மூன்றாவது முனையைச் சேர்த்தார். ஒலியைப் பெருக்குவதற்கு வழி பிறந்தது அதனால்தான். பற்றறிப் பெட்டிக்கென்றே மிகக் குறைந்த மின்னில் எரியும் வால்வுகள் செய்யப்பட்டன. இழைக்கு ஒன்றரை வோல்ட், மேலே தொண்ணூறு வோல்ட். அவற்றுள் பெயர் பெற்ற டி.எல். 96 என்ற கடைசி வால்வு ஸ்பீக்கருக்குத் தந்தது ஏறத்தாழ 0.2 வோட் மட்டுமே.

0.2 வோட்! இன்று நூறு வோட்டுக்குக் குறைந்ததை ஏறெடுத்தும் பாராத இளைஞர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு வோட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 95 டெசிபல் ஒலிக்கும் ஸ்பீக்கர், 0.2 வோட்டில் 88 டெசிபல் ஒலிக்கும். ஒரு வோட்டில் 85 டெசிபல் மட்டும் தரும் இன்றைய சிறு பெட்டி அதே 88 ஐ எட்ட 2 வோட் வேண்டும். அதாவது பத்து மடங்கு. அன்றைய பெட்டிகளில் அகன்று மெலிந்த கடதாசிக் கூம்பு வைத்ததற்குக் காரணம் இதுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவுக்கு அந்த ஒலி போதும். வாசலில் வைத்தால் அடுத்த காம்பராவுக்கும் கேட்கும். வால்வு அம்பிளிபயரோடு முதன்முதலாக ஸ்டீரியோ சேர்க்கப் புறப்படும் எவருக்கும் நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான். ஸ்பீக்கரை முதலில் தெரிவு செய்யுங்கள். அம்பிளிபயரை அதற்கேற்பப் பிறகு பார்க்கலாம். இ.எல். 84 ஒன்று ஐந்து வோட் அளவில் தரும். இரண்டைத் தள்ளு-இழு முறையில் பூட்டினால் பத்துக்கு மேல் வரும். ரசிகர்கள் உருகும் 300பி தனியாக எட்டு வோட் அளவில்தான் தரும். 90 டெசிபலுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் அமைந்துவிட்டால் நம் வீட்டு ஹோலுக்கு இவற்றுள் எதுவும் தாராளம்.

இவ்விடத்தில் எமது சமூகத்தின் ஒரு பழைய விவாதம் நினைவுக்கு வருகிறது. ஒலிபெருக்கி பள்ளிவாசலுக்குள் வந்தபோது உலமாக்கள் கேட்ட முதற் கேள்வி, பெட்டியிலிருந்து வருவது இமாமின் குரலேதானா, அல்லது மலையில் பட்டுத் திரும்பும் எதிரொலி போன்ற இன்னொன்றா என்பதாகும். எதிரொலியென்றால் அதைப் பின்பற்றித் தொழுவது எப்படிச் செல்லுபடியாகும்? மௌலானா அஷ்ரப் அலி தானவி (ரஹ்) தொடக்கத்தில் தொழுகையில் அதை ஏற்கவில்லை. பின்னாளில் முப்தி முஹம்மத் ஷபீ (ரஹ்) அறிவியல் தெரிந்தவர்களிடம் விசாரித்து, தம் முன்னைய கருத்தை மாற்றிக்கொண்டார். பாங்குக்கு அவ்வளவு தடை எழவில்லை. சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசல் 1936 இலேயே ஒலிபெருக்கியைப் பொருத்திவிட்டது. இந்த விவாதத்தைப் பிற்போக்கு என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அசலுக்கு எவ்வளவு விசுவாசம் என்று ஒலிப் பொறியியலாளர்கள் தலையை உடைத்துக்கொண்ட அதே கேள்வியை எமது பிக்ஹு அறிஞர்கள் தொழுகையை முன்வைத்துக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்கு வால்வு தரும் விடை சற்றுச் சங்கடமானது. தனி மூமுனை வால்வு மூலக் குரலோடு அதன் இருமடங்கு அதிர்வெண்ணையும் சிறிது கலந்துவிடும். அது ஒரு ஸ்தாயி மேலே நிற்கும் அதே சுரமாதலால் காதுக்கு உறுத்தாது. குரல் கனிந்ததுபோல் கேட்கும். வால்வின் இனிமை என்று கொண்டாடப்படுவதில் ஒரு பங்கு இந்தக் கலப்புத்தான். நாகூர் ஹனீபாவின் பாட்டுக்கு அது அழகு சேர்க்கலாம். கிராஅத்தைக் கேட்பதற்கு நான் அதை விரும்பமாட்டேன். தள்ளு-இழு முறையில் இரட்டை மடங்குக் கலப்பு பெருமளவு கழிந்துபோகும் என்பதால் அதையே எடுப்பேன். இது என் காது சொல்வது. உங்கள் காது வேறு சொல்லலாம்.

பள்ளிவாசலின் பாங்கு எட்டாத தோட்டத்துக் கடைகளில் ரமழான் மாதத்தில் வானொலியே முஅத்தினாக இருந்தது. கொழும்பிலிருந்து மஃரிப் பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழம் வாய்க்குப் போகும். இரத்தினபுரியில் சூரியன் கொழும்பைவிட இரண்டு நிமிடமளவு முந்தி மறைவதால் நோன்பு திறப்பதில் பிழையில்லை. சஹர் முடிவில்தான் கவனம் வேண்டும். கொழும்புக் கணக்கைப் பார்த்து உண்டவர் இரண்டு நிமிடம் பிந்திப்போவார்.

ட்ரான்சிஸ்டர் வந்ததும் பற்றறி வால்வுப் பெட்டியின் ஆயுள் முடிந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்கள் திரும்பி வந்ததும், கசெற் பெட்டிகள் வீடு வீடாக நுழைந்தன. பாட்டு கையடக்கமானது, கூம்பும் கையளவு சிறுத்தது. ஸ்டீரியோ என்ற சொல் எமது ஊர்களில் பரவலானதும் அப்போதுதான். ஆனால் புளூம்லைன் அதற்கு 1931 இலேயே காப்புரிமை கோரியிருந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு 1958 இல் கடைக்கு வந்தது. இசைத்தட்டுக் காலத்து இஸ்லாமியப் பாடல்களைக் கேட்பதற்கென்று இரட்டை ஸ்பீக்கர் தேடுபவர் ஒன்றை யோசிக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை. கையில் பணம் குறைவென்றால் மட்டமான இரண்டைவிட நல்லது ஒன்று மேல். ஜோடியைப் பின்னர் சேர்க்கலாம்.

பழைய பெட்டியொன்று கிடைத்தால் உடனே செருகிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. மெழுகு தோய்ந்த கடதாசிக் கொள்ளளவிகள் அந்த ஈரத்தைக் குடித்துக் கசியத் தொடங்கும்; அந்தக் கசிவு கடைசி வால்வை எரித்து, அதன் பின்னாலுள்ள ட்ரான்ஸ்போமரையும் கொண்டுபோய்விடும். கொள்ளளவிகள் சில ரூபாய்ச் சாமான். ட்ரான்ஸ்போமருக்கு மாற்றுக் கிடைப்பது அரிது. கூம்பில் பூஞ்சணம் பிடித்திருக்கும், சுருளின் நுனிக்கம்பி பச்சை பூத்து அறுந்திருக்கும். உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுவதால், செருகியைக் கழற்றிய பின்னும் கை வைப்பது உயிராபத்து. தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே புத்தி. அமெரிக்கப் பெட்டியானால் 117 வோல்ட்டுக்குச் செய்தது. எமது 230 இல் நேரே மாட்டக்கூடாது.

ஈரத்துக்குத் தப்பியவற்றை வெள்ளம் விடவில்லை. 1947, 2003, 2017 என்று களுகங்கை இரத்தினபுரிக்குள் ஏறிய ஒவ்வொரு தடவையும், வீட்டுத் தளபாடங்களோடு மரப்பெட்டிகளும் ஊறி, ஒட்டுப்பலகை இதழ் இதழாகப் பிரிந்து குப்பைமேட்டுக்குப் போயின. வால்வுகள் மட்டும் சேற்றைக் கழுவி உலர்த்தினால் பல வேளை எரியும். கண்ணாடிக்குள் தண்ணீர் புகாதல்லவா?