காணொளி எக்ஸ்போர்ட் ஆக ஏன் இவ்வளவு நேரம்? புதுக் கணினி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

திருமணக் காணொளியோ, தைப்பூச விலாகோ, எடிட்டிங் முடிந்த பிறகுதான் உண்மையான காத்திருப்பு தொடங்குகிறது. 10 நிமிடக் காணொளிக்கு எக்ஸ்போர்ட் ஒரு மணி நேரம் ஓடினால், "கணினி பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். சில ஆயிரம் ரிங்கிட் செலவழிக்கும் முன், எந்த இடத்தில் தாமதமாகிறது என்று பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்போர்ட் நேரத்தில் என்ன நடக்கிறது?

கணினி மூன்று வேலைகளைச் செய்கிறது. கேமரா கோப்பை விரித்துப் படிக்கிறது. வண்ணம், எழுத்து, எஃபெக்ட் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு ஃபிரேமையும் உருவாக்குகிறது. ரெண்டரிங் என்பது இதைத்தான். கடைசியில் அவற்றைச் சுருக்கி எழுதுகிறது, அது என்கோடிங். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 நிமிடத்துக்கு 15,000 ஃபிரேம்கள். 4கே-யில் ஒவ்வொரு ஃபிரேமிலும் சுமார் 8.3 மில்லியன் பிக்சல்கள், 1080பி-யைப் போல நான்கு மடங்கு.

படம் பிடித்த இடமும் முக்கியம். ஜொகூர் பாருவில் உள்ள அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர், தூண், கூரை எங்கும் கண்ணாடித் துண்டுகள். கேமரா லேசாக அசைந்தாலே மினுமினுப்பு முழுதும் மாறிவிடும். முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும் பதிவு செய்துதான் என்கோடர் கோப்பைச் சிறிதாக்குகிறது. இங்கே மாறாதது ரொம்பக் கொஞ்சம். வெற்றுச் சுவர் முன்னால் உட்கார்ந்து பேசும் பேட்டியும் 10 நிமிடம்தான், ஆனா வேலை வேறு.

முதல் சோதனை: ஹார்ட்வேர் என்கோடிங்

கூலாயில் ஒய்டிஎல் தரவு மைய வளாகம், அங்கே என்விடியா சிப்கள் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். வீட்டு எக்ஸ்போர்ட்டுக்கு அந்தப் பலமெல்லாம் வேண்டாம். என்கோடிங்கிற்கென்றே தனியான ஒரு சிறு பகுதி உங்கள் சிப்பிலேயே இருக்கலாம். இன்டெல் அதை 2011-லும் என்விடியா 2012-லும் கொண்டு வந்தன. ஆப்பிளின் எம்1 சிப்பிலும் உண்டு. பல வீடுகளில் அது சும்மா கிடக்கிறது.

விண்டோஸில் எக்ஸ்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியு பக்கத்தில் 'வீடியோ என்கோட்' வரைபடத்தைப் பாருங்கள். அது பூஜ்யத்திலேயே படுத்திருந்து சிபியு மட்டும் 100 விழுக்காட்டில் திணறினால், காரணம் பெரும்பாலும் அமைப்பில்தான். பிரீமியர் புரோவில் எக்ஸ்போர்ட் அமைப்பில் 'ஹார்ட்வேர் என்கோடிங்' என்று மாற்றுங்கள். அங்கேயே '2 பாஸ்' தேர்ந்தெடுத்திருந்தால் அது மறுபடி மென்பொருளுக்குப் போய்விடும். '1 பாஸ்' வையுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. அதே பிட்ரேட்டில், நிதானமாக ஓடும் மென்பொருள் என்கோடர் தரும் படம் சற்றுத் தெளிவாக இருக்கும். கண்ணாடி ஆலயக் காட்சியில் கட்டம் கட்டமாக உடைவது தெரிந்தால் பிட்ரேட்டைக் கூட்டுங்கள். யூடியூப் எப்படியும் தன் பங்குக்கு மீண்டும் சுருக்கத்தான் போகிறது. 25 ஃபிரேம் 4கே-க்கு அது பரிந்துரைப்பது 35 முதல் 45 எம்பிபிஎஸ் வரை.

கணினி வாங்குவதென்றால் ஒரு எச்சரிக்கை. 12400எஃப் போல மாடல் எண் 'எஃப்' என முடியும் இன்டெல் சிபியுக்களில் உள் கிராஃபிக்ஸ் இயங்காது. இன்டெல் என்கோடரும் கிடைக்காது. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகும், ஆனா என்விடியாவின் மலிவான ஜிடி 1030-இல் என்கோடரே இல்லை.

என்கோடரில் பிரச்சினை இல்லையென்றால்?

கேமரா கோப்பைப் பாருங்கள். திருமணப் படப்பிடிப்பில் இப்போது பலர் 10-பிட் 4:2:2 எச்.265-இல் எடுக்கிறார்கள். வண்ணத் திருத்தத்துக்கு அருமை, விரித்துப் படிக்கத்தான் பாடு. இன்டெலின் 11ஆம் தலைமுறை உள் கிராஃபிக்ஸ் முதல் இதற்கு உதவி உண்டு. என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத்தான் அந்த வசதி வந்தது. அதனால் விலை உயர்ந்த பழைய என்விடியா கார்டை விட, சாதாரண இன்டெல் சிபியு இந்த ஒரு வேலையில் முந்தலாம்.

அடுத்தது எஃபெக்ட். இரைச்சல் நீக்கம்தான் பெரிய நேரம் தின்னி. எல்லா கிளிப்பிலும் போடாமல் இருட்டான காட்சிகளுக்கு மட்டும் போடுங்கள். அல்லது அந்தக் கிளிப்பைத் தனியாக ரெண்டர் செய்து டைம்லைனில் மாற்றி வையுங்கள். பிறகு வாடிக்கையாளர் பெயரில் ஓர் எழுத்து திருத்தச் சொன்னாலும், அந்த எஃபெக்டுக்காக முதலிலிருந்து காத்திருக்க வேண்டாம்.

புரோக்ஸி போட்டால் எக்ஸ்போர்ட் வேகமாகும் என்பது பரவலான நம்பிக்கை. எடிட்டிங்தான் லேசாகும், எக்ஸ்போர்ட்டின்போது மென்பொருள் வழக்கமாக அசல் கோப்புக்கே திரும்பும். எஸ்எஸ்டி மாற்றுவதும் எதிர்பார்த்த அளவு உதவாது. 45 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 6 மெகாபைட்டுக்கும் குறைவுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கே தாராளமாக எழுதிவிடும்.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு நம்ம ஊர் வெயிலும் ஒரு காரணம். மதியம் 32, 33 டிகிரி அறையில், மெத்தை மேல் வைத்து எக்ஸ்போர்ட் கொடுத்தால், சூடேறிய சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசையில் வையுங்கள், சார்ஜரைச் செருகுங்கள், விசிறித் தூசியைத் துடையுங்கள்.

எதை மாற்றினாலும் முழுக் காணொளியையும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். கனமான 30 விநாடிப் பகுதியை மட்டும் குறித்து, ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மாற்றி, எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதி வையுங்கள். எல்லாம் பார்த்த பிறகும் டாஸ்க் மேனேஜரில் ஏதாவது ஒன்று மட்டும் 100-இல் நின்றால், மாற்ற வேண்டிய பாகம் எதுவென்று கடைக்காரரிடம் கேட்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.