வெண்டைக்கு ஒரு கொல்லை

'வெண்டைக்காய் சாப்பிடு... கணக்கு நல்லா வரும்!'

இதைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் அஞ்சாம் கிளாஸைத் தாண்டியிருக்க முடியாது. அதில் எவ்வளவு நிஜம் என்பது கணக்கு வாத்தியார்களுக்கே வெளிச்சம்! ஆனால், அந்தக் கொழகொழ காய்க்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. காய் முளைக்கிற மண் யாருக்கு என்கிற வழக்கு. தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த வழக்கு சென்னைக் கோட்டை வரைக்கும் போனது.

முதலில் காயின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம்.

வெண்டையின் பூர்வீகம் எது என்பதில் தாவரவியல்காரர்களுக்குள் இன்னமும் பஞ்சாயத்துதான். ஆப்பிரிக்கா என்கிறது ஒரு கட்சி. இல்லையில்லை, இந்தியப் பக்கம்தான் என்கிறது இன்னொரு கட்சி. ஆனால், அமெரிக்காவுக்கு அது எப்படிப் போனது என்பதில் பெரிய சண்டை இல்லை. அடிமை வியாபாரம் நடந்த காலத்தில், ஆப்பிரிக்க மக்களோடு கடல் தாண்டிப் போனது. 1658-லேயே பிரேசிலில் வெண்டை இருந்ததற்குக் குறிப்பு இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் சொல்லும் 'ஓக்ரா' என்ற பெயரே நைஜீரியாவின் இக்போ மொழியிலிருந்து வந்ததுதான். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் புகழ்பெற்ற 'கம்போ' குழம்புக்கும், ஆப்பிரிக்காவின் பான்டு மொழிகளில் வெண்டைக்கு இருந்த பெயரே ஒட்டிக்கொண்டது.

கரும்புத் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் பகல் முழுக்க முதலாளிக்கு உழைத்த அடிமைகள், பொழுது சாய்ந்த பிறகு குடிசையை ஒட்டிய துண்டு மண்ணில் தங்களுக்கென்று கொஞ்சம் பயிர் செய்தார்கள். அதில் வெண்டையும் ஒன்று. அந்தத் துண்டு மண்கூட முதலாளி பெரிய மனசு பண்ணி விட்டுவைத்ததுதான். நாளைக்கே பிடுங்கிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட மண்ணில் தென்னையா வைக்க முடியும்? வெண்டை வைக்கலாம். விதை போட்ட நாற்பத்தைந்து நாளில் காய் கைக்கு வந்துவிடும்!

சரி, தஞ்சாவூருக்கு வருவோம்.

காவிரி டெல்டா என்றாலே கண்ணுக்கெட்டிய தூரம் நெல். ஆனால், நெல்லுக்குப் பிடித்தது வெண்டைக்குப் பிடிக்காது. சம்பா வயலில் முழங்கால் தண்ணீரில் நிற்கச் சொன்னால் வெண்டைச் செடி வேர் அழுகிச் செத்துப்போகும். ஊரைச் சுற்றி வயல் இருந்தும் காய்கறிக்கு மேட்டு நிலம் வேண்டும். ஒன்று, ஆற்றோரப் படுகை. இல்லாவிட்டால் வீட்டுக் கொல்லை.

பழைய தஞ்சாவூர் வீடுகளின் நீளம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாசல், திண்ணை, ரேழி, முற்றம், சமையல் உள் என்று ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் கிணறு, அதற்குப் பின்னால் கொல்லை. பாத்திரம் தேய்த்த தண்ணீர் வாழைக்குப் போகும். மாட்டுக் கொட்டில் எரு பாத்திக்குப் போகும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதற்கு ஏற்ப, ராத்திரி ஊறப்போட்ட வெண்டை விதையைக் காலையில் முழத்துக்கு ஒன்றாக ஊன்றுவார்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நாற்பது நாள் வாக்கில் நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு வைத்த மஞ்சள் பூ. காலையில் விரிந்து, அன்றைக்கே வாடிவிடும். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். நாலு நாள் மறந்தால் முற்றிப்போய் நாராகிவிடும். நுனியை ஒடித்தால் ஒடியாது. அது அடுத்த வருஷ விதைக்கு!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இதெல்லாம் யார் வீட்டுக் கொல்லை?

மிராசுதார் வீட்டுக் கொல்லை. வசதியான குடியானவர் வீட்டுக் கொல்லை. அந்த நெல்லையெல்லாம் விளைவித்த பண்ணையாளுக்கு..? அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். சேரியில் அவர்கள் குடிசை நின்ற மண் பெரும்பாலும் மிராசுதாருடையது. கூலி கேட்டால், எதிர்த்துப் பேசினால், வேலையோடு குடிசையும் போகும். சவுக்கடி, சாணிப்பால் என்ற தண்டனைகள் இருந்த ஊர் இது. 1940-களில் பி.சீனிவாச ராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் விவசாயிகள் சங்கம் கட்டிப் போராடிய பிறகுதான் அவை அடங்க ஆரம்பித்தன.

1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. நினைத்தபோது வேலையை விட்டு விரட்டக் கூடாது என்றது சட்டம். பல மிராசுதார்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பண்ணையாள் இருந்தால்தானே பாதுகாப்பு என்று, அவர்களைத் தினக்கூலிகளாக மாற்றிவிட்டார்கள்!

1961-ல் அடுத்த சட்டம் வந்தது. குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றது. இருக்கலாம், ஆனால் மண் சொந்தமில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி, அப்போது தஞ்சை ஜில்லாவில் இருந்த கீழ்வெண்மணியில், கூலித் தகராறின் உச்சத்தில், ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

1971-ல், கருணாநிதி முதல்வராக இருந்தபோது, மூன்றாவது சட்டம். குடியிருக்கும் மனையை அதில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கியது. இந்தச் சட்டத்தில் ஒரு வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். 'குடியிருப்பு' என்றால் என்ன என்று விளக்குகிற இடம். குடிசை நிற்கும் மண் மட்டுமல்ல, அந்தக் குடிசையில் வசதியாக வாழத் தேவையான, அதை ஒட்டிய இடமும் சேர்த்தே குடியிருப்பு என்கிறது.

சட்டத்தின் பாஷையில் 'ஒட்டிய இடம்'. நம்ம பாஷையில்... கொல்லை!

பட்டா வந்தால் என்ன மாறும்? வெண்டை போட்ட இடத்தில் முருங்கைக் கொம்பு ஊன்றலாம். தென்னம்பிள்ளை வைக்கலாம். அது காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகுமே என்று பயப்பட வேண்டாம். அஞ்சு வருஷம் கழித்தும் இங்கேதான் இருப்போம் என்ற தைரியம் ஒரு மனுஷனுக்கு வருவது சின்ன விஷயமா? சட்டம் போட்டவுடன் எல்லோருக்கும் பட்டா கிடைத்துவிடவில்லை. வெண்மணிக்குப் பிறகு அந்த வட்டாரத்துக்கு வந்து உழைத்த கிருஷ்ணம்மாள் - ஜெகந்நாதன் தம்பதி, 1981-ல் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக்கொடுத்தார்கள். பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுதினார்கள். கொல்லைக்குத் தண்ணீர் ஊற்றுகிற கை அதுதானே!

இப்போது கொல்லை இருந்த இடத்தில் பாத்ரூமும் பைக் ஷெட்டும் வந்துவிட்டன. வெண்டை மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது. நகரத்து மாடிகளில் காய்கறி வளர்க்கச் சொல்லி, 'நீங்களே செய்து பாருங்கள்' என்று 2013 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் அரசே மானியத்தில் பை, விதை, தென்னைநார்க் கழிவு கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தது. வளர்ப்பது சுலபம்தான். ஒரு பைக்கு ஒரு செடி, நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண். இலை நரம்பு மஞ்சளாக ஓடினால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மற்றதற்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

அடுத்த ஆடியில் நாலு விதை ஊன்றுங்கள். வாடகை வீடாக இருந்தாலும் பரவாயில்லை. ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்வதற்குள் வெண்டை காய்த்துவிடும்!